வரி போடாத கைப்பிடி

மாட்டு எலும்பை மான் கொம்பாக்குவதுதான் எங்கள் வேலை. திருவொற்றியூரில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்து, அதற்குள் சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட ஒரு பட்டறை, அதில் பதினோரு பேர். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிற மடக்குக் கத்தி இருக்கிறதே, அதன் கைப்பிடியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற எலும்புப் பட்டையை நாங்கள் செய்து அனுப்புவோம். கத்தியின் இரும்பு வேறு ஊர், வேறு ஆட்கள்.

ஆடு மாடு அறுக்கிற ஆட்டுத்தொட்டியிலிருந்து மாட்டு நல்லி எலும்பு கோணி கோணியாக வந்து இறங்கும். சதை ஒட்டிக்கொண்டிருக்கும், ஈ மொய்க்கும், கோணியின் அடியில் ரத்தம் கட்டியிருக்கும். சலவை சோடா போட்ட கொப்பரையில் வேகவைத்து, மிதக்கிற கொழுப்பை அள்ளிக் கொட்டி, வெயிலில் உலர்த்துவோம். பிறகு எலும்பின் இரண்டு முனையிலும் இருக்கிற மூட்டுகளை ரம்பத்தில் அறுத்து எறிந்துவிட்டு, நடுக்குழாயை நீளவாக்கில் பிளந்து தட்டையாகத் தேய்த்தால் பட்டை தயார். பல் டாக்டரிடம் பல்லை ராவும்போது ஒரு நாற்றம் வருமே, அதை நாள் முழுக்க மூக்குக்குள் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் பட்டறை. சாயங்காலம் வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டு மாடிப்படி ஏறும்போதே, "எலும்பு வந்துட்ச்சுபா" என்று எவனாவது மூக்கைப் பொத்துவான். அப்படிச் சொன்னதற்காக இரண்டு பேர் உதட்டைக் கிழித்திருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம். மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் பந்து உதைப்பார்கள், மீதிப் பேர் பாக்ஸிங் போவார்கள். நான் பாக்ஸிங். மாஸ்டர் கற்றுக்கொடுத்ததில் மற்றதெல்லாம் மறந்துபோய் வலது கை மட்டும் மிச்சமாக நின்றது. வாய் பேசுவதற்கு முன்னால் அந்தக் கை பேசிவிடும். பட்டறையில் என் சோற்று டப்பாவைக் காலால் தள்ளிவிட்ட ஒருவனைக் கொப்பரை விளிம்பில் மோதி, நெற்றியில் ஐந்து தையல் போடவைத்தேன். முதலாளி என்னை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, ஏனென்றால் வரி போடுவதில் எனக்கு ஈடாக அங்கே ஆள் கிடையாது.

வரி என்றால், பட்டையை வைஸில் இறுக்கி வைத்து, வளைந்த வாயுள்ள சின்ன உளியால் எலும்பின் முதுகில் பள்ளம் பள்ளமாகக் கீறுவது. கோடு போட்டதுபோல நேராக இருந்தால் முதலாளி தூக்கி எறிந்துவிடுவார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று ஆழம், ஒன்று மேலாக்க என்று தாறுமாறாகப் போக வேண்டும். அதற்கப்புறம் பழுப்புச் சாயத்தொட்டியில் ஊறப்போட்டால் பள்ளத்தில் சாயம் கறுப்பாக இறங்கும், மேடு வெளிறி நிற்கும். எடுத்துத் துடைத்தால் சொரசொரவென்று அச்சு அசல் மான் கொம்பு.

முதலாளி தெற்கத்திக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நான் சேர்ந்தபோது குடோனில் நிஜ மான் கொம்பே ஒரு குவியல் கிடந்தது. காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு. அதையும் விற்கக் கூடாது என்று சர்க்கார் சொன்ன பிறகு ஒருநாள் வனத்துறை லாரி வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஏலே, கேட்டுக்கிடுங்க. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் மான் கொம்பைத்தான் கத்திக்குப் பிடியாப் போட்டான். மான் குறைஞ்சு போச்சு, அவனுக்கு ஆசை குறையல. அப்பதான் மாட்டு எலும்பைக் கீறிச் சாயம் போட்டு மான் மாதிரி ஆக்குனான். இந்த வரி பொறந்தது அப்படித்தான். இனிமே நமக்கும் மாடுதான் மான்."

"அப்போ இது டூப்புதான மொதலாளி?" என்றேன்.

"டூப்புன்னு சொல்லாதலே. டிசைன்னு சொல்லு."

நாங்கள் டூப்பு என்றுதான் சொன்னோம். இன்னொரு காரணமும் இருந்தது. எலும்பில் கரும்புள்ளி இருந்தால், மயிரிழை வெடிப்பு இருந்தால், அதன்மேல் ஒரு வரியை இழுத்துவிட்டால் போதும், மறைந்துபோகும். மட்டமான எலும்பெல்லாம் வரியின் புண்ணியத்தில் ஃபாரின் போனது. அதனால் பட்டறையில் எங்களுக்குள் வரி போட்ட சரக்குக்கு மரியாதையே இல்லை.

ஆயுத பூஜை வந்தால் முதலாளி பொரியும் கடலையும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அன்றைக்குப் படையலில் ஆளுக்கொரு கத்தி வைப்பது எங்கள் வழக்கம். அளவு பார்க்க வந்து கழித்துப் போட்ட மடக்குக் கத்திகள் ஒரு டப்பாவில் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து அவரவர் கையால் பிடி போட்டு வைக்க வேண்டும். அதற்கு மட்டும் யாரும் வரி போட மாட்டோம். புள்ளி இல்லாத, வெடிப்பு இல்லாத எலும்பாகத் தேடிப் பிடித்து, துணிச் சக்கரத்தில் கொடுத்துக் கொடுத்து வழவழவென்று மெருகு ஏற்றுவோம். எவன் பிடியில் முகம் தெரிகிறதோ அவன்தான் அந்த வருஷத்து ராஜா. படையல் முடிந்ததும் கத்தி அவனவனுக்கே.

அந்த வருஷம் என் பிடியில் முகம் தெரிந்தது. பாலாடை நிறம். நான் அதைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, "இன்னாடா இது, சோப்பு மாதிரி கீது" என்று சிரித்தாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். முன்பல் இரண்டு கிடையாது.

அந்தப் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பட்டறையிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கிற ட்ரைலர் ஓட்டினான். மாமா என்று கூப்பிட்டேன், கூப்பிட்ட வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும். ஏழு வருஷம் அடித்தான். எண்ணூர் ரோட்டில் வண்டி ஒரு பகல் முழுக்க நகராமல் நின்றால் வீட்டுக்கு வந்து அடிப்பான். நகர்ந்துவிட்டால் குடித்துவிட்டு வந்து அடிப்பான். நாலு மாதம் வயிற்றில் இருந்ததை எட்டி உதைத்துக் கலைத்தான். அதற்கப்புறம், பிள்ளை பெறாதவள் என்று சொல்லி அடித்தான். அவள் கத்தினால் பக்கத்து வீடுகளில் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள்.

நான் சும்மா இருப்பேனா? ட்ரைலர்கள் நிற்கிற இடத்துக்கே போய், அத்தனை டிரைவர்கள் நடுவில் அவன் மூஞ்சியில் மூன்று குத்து விட்டேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனால், அவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மிக் குழவியை எடுத்து வாயிலேயே இடித்திருக்கிறான்.

"ஒன் தம்பி குடுத்தத திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்றார்டா," என்றாள். பேசினால் காற்றுத்தான் வந்தது. "டேய், நீ இனிமே அவர் மேல கைய வெக்காத. நீ ஒண்ணு வெச்சா எனுக்கு மூணு வுழுது."

"வூட்ட வுட்டு வாக்கா. இப்பவே. கட்டின துணியோட வா."

"வந்தா ஒன்ன வெட்டுவேன்னு சொல்லிக்கீறாரு. என்ன இல்ல, ஒன்ன."

போலீஸ் ஸ்டேஷனுக்கும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பல் போன வாயைத் திறந்து காட்டினாள். "குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கோங்க" என்றார்கள். அவனையும் கூப்பிட்டு நாற்காலி போட்டு டீ கொடுத்து, "பாத்து நடந்துக்கப்பா" என்று அனுப்பினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் முதுகில் விழுந்ததை நான் எழுதப்போவதில்லை. அம்மாவிடம் சொன்னால், "ஆம்பள அப்டிதான் இருப்பான், அவ கொஞ்சம் அனுசரிச்சுப் போலாம்ல" என்பாள். எனக்குப் பெற்றவள் மேலேயே கை ஓங்க வரும். ஒருநாள் அவன் அவளை அடித்தே கொன்றுவிடுவான் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பகல் பன்னிரண்டு மணி. சாயத்தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டு ஊறின பட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டுப் பெண் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து பட்டறை வாசலில் நின்றாள்.

"அண்ணா, ஓடியா! ஒங்கக்காவ இன்னிக்கு முட்ச்சிருவான் போலகீது!"

கை துடைக்கக்கூட நிற்கவில்லை. நாலு தெருவையும் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. உள்ளே போனால், தண்ணீர் பிடித்து வைக்கிற இரும்பு டிரம்முக்குப் பக்கத்தில் அவளை மண்டியிட வைத்து, தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு, விளிம்பில் நங்கு நங்கென்று மோதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மோதலுக்கும் தண்ணீர் தளும்பி வெளியே விழுந்தது. அது சிவப்பாக விழுந்தது. அவள் கத்தவில்லை. கத்துகிற கட்டம் தாண்டிவிட்டது.

பையிலிருந்து கத்தியை எடுத்துப் பல்லால் விரித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், அக்குளுக்குக் கீழே, உடம்பு பாரத்தையெல்லாம் வலது கையில் கொண்டுவந்து குத்தினேன். கொல்லத்தான் குத்தினேன். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். குத்தும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கத்தி விலா எலும்பில் முட்டி நின்றுவிட்டது. என் கை நிற்கவில்லை. சாயத்தில் நனைந்த கை, முகம் தெரிகிற மாதிரி நான் மெருகு ஏற்றி வைத்த பிடி. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வழுக்குகிற மாதிரி உள்ளங்கை முன்னால் ஓடி, பிடியைத் தாண்டி, வெட்டு வாயின் மேலேயே போய் நின்றது. அந்த மாதிரிக் கத்தியில் நடுவில் கையைத் தடுக்க ஒரு கட்டை கிடையாது. முதலில் வலிக்கவில்லை. கையைப் பார்த்தேன். விரல்களின் அடியில் குறுக்காக ஒரு வாய் பிளந்திருந்தது, அதற்குள் வெள்ளையாகத் தெரிந்தது. எத்தனை ஆயிரம் எலும்பை அறுத்திருப்பேன், பார்த்த உடனே இது என்ன என்று எனக்குப் புரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

கத்தி கீழே விழுந்தது. அவன் விலாவில் ஒரு விரல் நீளத்துக்குச் சதை கிழிந்திருந்தது, அவ்வளவுதான். "கொல பண்றான், கொல பண்றான்" என்று கத்திக்கொண்டே குனிந்து கத்தியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரர்களும் தெருவும் உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: மண்டை உடைந்து கிடக்கிற பெண்டாட்டி, கையில் கத்தியோடு நிற்கிற புருஷன், பிளந்த உள்ளங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற மச்சான். நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள். அவனை மிதித்த மிதியில் அவன் ஏதோ சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்டோவில் போகும்போது எனக்கு ஆட்டுத்தொட்டியில் கறி வெட்டுகிறவர்களின் ஞாபகம் வந்தது. அவர்கள் கத்திப் பிடியில் எல்லாம் சணலும் கந்தலும் சுற்றியிருக்கும். எலும்பு எடுக்கப் போகும்போது பார்த்து, என்னடா கலீஜாக வைத்திருக்கிறான்கள் என்று நினைப்பேன். கை ரத்தத்திலேயே இருக்கிறவனுக்குப் பிடி சொரசொரப்பாக இருந்தே ஆக வேண்டும். மான் கொம்பை முதன்முதலில் கத்திக்குப் போட்டவனும் மானை உரித்தவனாகத்தான் இருப்பான். உரிக்கிற கை வழுக்காமல் இருக்கத்தான் அந்த மேடு பள்ளம் அவனுக்கு உதவியிருக்கும், அழகெல்லாம் அப்புறம் வந்திருக்கும். தினமும் ஐம்பது அறுபது பட்டைக்கு வரி போட்ட மடையன் நான். எதற்குப் போடுகிறோம் என்று ஒரு நாளும் தெரியாமல் போட்டிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பழுப்புச் சாயமும் ரத்தமும் சேர்ந்து அது மனுஷன் கையாகவே இல்லை.

"கத்தியப் புடிச்சியா?" என்றார். "வெட்ட வந்தவன் கத்திய வெறுங்கையால புடிச்சாதான் இப்படி வெட்டும். மூணு விரல் நரம்பு போச்சு."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் தலையில் துணி சுற்றிப் படுத்திருந்த அக்கா முந்திக்கொண்டாள்.

"ஆமா சார். புட்ச்சான். என்ன குத்த வந்தாரு, இவன் நடுவுல வுழுந்து புட்ச்சிக்கினான்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் இல்லாத வாயை அன்றைக்கு அவள் கையால் மூடவில்லை.

இரண்டாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் பேப்பரோடு வந்தார். அதற்குள் அவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருக்கிறார்கள், எலும்புப் பிடி என்றால் இந்தச் சுற்றுவட்டத்தில் வேறு எங்கே போவது? அது என் கத்தி என்று பதினோரு பேருக்கும் தெரியும், முதலாளிக்கு நன்றாகவே தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கதை தலைகீழாகிவிடும். நான் உள்ளே போவேன். அவன் வெளியே வந்து அக்காவை மறுபடியும் அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான்.

முதலாளி என்ன சொன்னார் என்பதைப் போலீஸ்காரரே சொன்னார். அலமாரியைத் திறந்து வைத்து, "ஐயா, நீங்களே பாருங்க, எங்க சரக்கு எல்லாமே வரி போட்டது. வழவழன்னு நாங்க ஒரு பிடிகூட அனுப்புறது கிடையாது" என்றாராம். அத்தனையும் நிஜம். அவர் எனக்காகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பட்டறையில் பிடி போட்ட கத்தியால் குத்து என்று பேர் வந்தால் அவர் லைசென்ஸ் போய்விடும். என்னைப் பார்க்க அவர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. மடங்காத கைக்கு உளி எதற்கு என்று, எனக்குப் பதிலாக ஆளும் எடுத்துவிட்டார்.

போலீஸ்காரர் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "என் அக்காவைக் குத்த வந்தபோது நான் குறுக்கே பாய்ந்து கத்தியைக் கையால் பிடித்துத் தடுத்தேன். அந்த இழுபறியில் அவருக்கும் காயம் பட்டது." கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஆளைச் சரியாகக் குத்தியிருக்கிறேன், அதை என் பேரில் எழுத முடியாதா? நான் தடுத்தவனாம். நான் குத்தினவன்யா என்று எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. அந்த அசட்டு வீம்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

அக்கா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மண்டையில் பாதி மழித்துப் பதினெட்டுத் தையல் போட்டிருந்தார்கள். அவள் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அழுத்தக்கூட இல்லை.

வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கைக் கட்டைவிரலை மையில் தொட்டு ரேகை வைத்தேன்.

அவனுக்கு ஜாமீன் எடுக்க ஆள் வரவில்லை. ஸ்டேஷனில் வைத்து எலும்பு முறிகிற மாதிரி அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். முன்பு டீ கொடுத்த அதே ஸ்டேஷன்தான். கேஸ் கோர்ட்டுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அக்கா வியாசர்பாடியில் எங்களோடு இருந்துகொண்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டைப் பட்டன் தைக்கப் போனாள். முதல் ஆறு மாதம், யாராவது கதவைத் தட்டினால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். எனக்கு மூன்று விரல் நீட்டினது நீட்டினபடி நின்றுவிட்டது. மாத்தூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். போகிற இடத்தில் எல்லாம் "கத்தியக் கையால புட்ச்சவன்" என்று மரியாதை. ஒருத்தர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன், அவர் மேல் தப்பில்லை.

கோர்ட்டில் வக்கீல் என் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதியிருந்ததைப் படித்தார்கள். தெருவிலிருந்து வந்த நாலு பேர், தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள், கத்தி அவன் கையில்தான் இருந்தது என்று. அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. பொய் சொன்னது நானும் அக்காவும் மட்டும்தான். பல்லைப் பற்றியும், கலைந்த பிள்ளையைப் பற்றியும், முதுகைப் பற்றியும் ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்கெல்லாம் சீட்டு இல்லை, சாட்சியும் இல்லை.

நாலு வருஷம் போட்டார்கள்.

வெளியே வராந்தாவில் வைத்து அவனை வேனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் பாதியாக இளைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"நான் குத்தலிங்க! சத்தியமா நான் குத்தல! அவன்தான் குத்துனான்! டேய், சொல்லுடா, ஒரு தபா சொல்லுடா! யாராவது கேளுங்களேன்... ஐயா, ஒருத்தராவது கேளுங்களேன்!"

வாய்விட்டு அழுதான். வக்கீல்கள் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டீ வாங்க நின்றவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்கள். போலீஸ்காரர் அவன் விரல்களைத் தூணிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். என் கால் தானாக அவன் பக்கம் ஒரு எட்டு வைத்துவிட்டது. அவன் சொல்வது நிஜம், அந்த இடத்தில் நிஜம் பேசினது அவன் ஒருவன்தான்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தட்டும் வுடு," என்றாள். "ஏழு வருசம் நானும் இப்டிதான் கத்துனேன். பஸ்சு வருது பாரு, ஏறு."

பஸ் நிற்காமல் மெதுவாகத்தான் போனது. வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியாமல் தடுமாறினேன். எனக்கு முன்னால் ஏறியிருந்த அக்கா என் காலரைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள்.